பத்தாவது சொல்லுக்கு ஒரு தலை

யூடிக் ரோட்வெல்ட்டுக்கு வாய் மூடியிருந்தால் உடம்புக்கு ஆகாது. முப்பது வயது வரை வாட்டர்லோ சதுக்கச் சந்தையில் காலுறை விற்றாள். அதன்பின் ஆம்ஸ்டர்டாமின் பழைய யூதர் தெருக்களைச் சுற்றிக்காட்டிக் கதை விற்கிறாள். கல்யாணம் இரண்டு. இரண்டு கணவர்களும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள் என்று அவளுடைய அண்ணன் மௌரிட்ஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

அந்த வியாழக்கிழமை மாலை அவர்களுடைய அப்பாவின் வருஷத் திதி. இறந்தவருக்கான பிரார்த்தனையை மகன் சொல்ல வேண்டும். யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். அவர்களுடைய சின்னத் தொழுகைக்கூடத்தில் பெண் கணக்கில் சேர்த்தியில்லை. எட்டூருக்குக் கேட்கும் தன் குரல் கணக்கில்லை, அங்கே வந்து உட்கார்ந்தபடியே தூங்கும் அண்ணனின் கூட்டாளி சாலி கணக்கு என்பதில் யூடிக்குக்குத் தீராத ஆத்திரம். போன வருஷம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். மௌரிட்ஸ் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான். அந்த முதுகை அவளால் மறக்க முடியவில்லை.

"இந்தத் தடவை என் சுற்றுலாக் கூட்டத்துலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரேண்ணே. சத்தியம்."

"நீ பேசுற பேச்சுக்கு வர்ற ஒன்பது பேரும் ஓடாம இருந்தா சரி" என்றான் மௌரிட்ஸ்.

சத்தியம் செய்துவிட்டாளே தவிர, நீங்கள் யூதரா என்று இந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் எவரும் கேட்பதில்லை. நாஜிகள் காலத்தில் அப்படிக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆகவே யூடிக் காலையிலிருந்து தன் கூட்டத்தை நோட்டம் விட்டாள். தரையில் மணல் பரப்பிய பெரிய யூத ஆலயத்தில் எவரும் சிக்கவில்லை. மதியம் ரொட்டிக்கடையில்தான் அவள் கண் மின்னியது. பெரிய தாடிக்காரர் ஒருவர், யாரையும் விசாரிக்காமல், பாதி ஈரலும் பாதி உப்பிறைச்சியும் வைத்த, இந்த ஊர் யூதர்களுக்கே உரிய ரொட்டியைக் கேட்டு வாங்கினார். ஆள் அகப்பட்டான்! தன் வெள்ளரி ஊறுகாயையும் அவர் தட்டில் வைத்தாள். அதன்பின் அவரைவிட்டு நகரவே இல்லை.

கூட்டத்தில் டெவென்டர்காரர் கோர் ஸ்லாகர் என்று ஒருவர். வயது எழுபது. அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். "இங்க பாத்ரூம் எங்கம்மா?"

"அந்தப் பச்சைக் கதவு. போங்க, போங்க" என்று கையை வீசிவிட்டு யூடிக் தாடிக்காரரிடம் திரும்பினாள். "ஐயாவுக்கு இந்த ரொட்டி சின்ன வயசுலேருந்தே பழக்கமோ?"

"இல்லம்மா, பக்கத்து மேஜையில பாத்தேன். எனக்கு ஈரல்னா உசுரு. ஊர்ல, பெர்கன் பக்கத்துல, சர்ச்சுல பாதிரியாரா இருக்கேன்."

ஊறுகாய் போனது போனதுதான்.

பாலத்தருகே வந்ததும் ஆட்களைச் சரிபார்த்தாள். மனுஷரை ஒன்று இரண்டு என்று எண்ணினால் கண்பட்டுவிடும் என்பது அவர்கள் வழக்கம். பத்துச் சொல் கொண்ட ஒரு வேதவரியைத் தலைக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். காலையில் சரியாக முடிந்த வரியில் இப்போது ஒரு சொல் மிஞ்சியது. அப்போதுதான் அவளுக்கு ஸ்லாகர் ஞாபகம் வந்தது. ஆளைக் கொண்டுவருகிறேன் என்றவள், கையிலிருந்த ஆளையும் தொலைத்துவிட்டாள். மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு பச்சைக் கதவுக்கு ஓடினாள்.

அந்தக் கதவு அவர்களுடைய தொழுகைக்கூடத்தின் கதவு. உள்ளே நட்டநடுவில் ஸ்லாகர் நின்றிருந்தார். யாருடையதோ தொப்பி அவர் காதுவரை இறங்கியிருந்தது.

"பாத்ரூம் எங்கன்னுதான் கேட்டேன்" என்றார் பரிதாபமாக.

"நீங்க நம்மாளான்னு நான் கேட்டேன், ஆமான்னாரு. அப்புறம் விட்டுடுவேனா?" என்றான் சாலி.

"மூஞ்சிக்கு நேராவா கேட்டே?" என்றாள் யூடிக்.

"பின்ன? ஜோசியமா பாக்கச் சொல்றே?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் ஸ்லாகர். "கேட்டாலும் சொல்லாதேன்னுதான் எங்கம்மா வளத்தாங்க."

மௌரிட்ஸ் அந்த வேதவரியைத் தலைக்கொரு சொல்லாகச் சொன்னான். கடைசிச் சொல் ஸ்லாகரின் தலையில் வந்து நின்றது. யூடிக்குக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தபடி புத்தகத்தைத் திறந்தான்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஸ்லாகர். "எங்கம்மாவுக்கு யாரும் இதைச் சொன்னதே இல்ல. நானும் கூடச் சொல்லலாமா?"

மௌரிட்ஸ் நகர்ந்து இடம் விட்டான். "பக்கத்துல வாங்க. நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லுங்க. அம்மா பேரென்ன?"

"சொல்றேன். மொதல்ல அந்த பாத்ரூமைக் காட்டுங்க சாமி!"

அவர் போய்வரும் வரை ஒன்பது பேரும் அசையாமல் நின்றார்கள். ஆள் தப்பிவிடக் கூடாதே என்று யூடிக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஸ்லாகர் கையைத் துடைத்தபடி வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சிப்போரா" என்றார். "ஊருக்குத்தான் சியென். எங்கம்மா பேரு சிப்போரா."

அன்று சொன்ன ஆமென்களில் பாதிரியாருடையதும் ஒன்று. ஆனால் பாலம்வரை கேட்டது யூடிக்கின் ஆமென்தான்.