விமானம் நின்ற நாட்களில் வந்த மருந்து

மாரியம்மாளை நம்பியிருக்கும் மக்களே, பந்தல்குடியிலிருந்து எழுதுகிறேன். கொரோனா வந்த வருஷம், அம்மாள் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு லீவில் வர வேண்டியவர் என் வீட்டுக்காரர். ராணுவத்தில் ஹவில்தார். அவர் வரவில்லை, போன்தான் வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டியாம். வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. நான் எப்படிப் போவேன்?

கட்டி வேறு எலும்புக்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன். அதற்குக் கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். நாள் ஆக ஆக வீரியம் போய்விடுமாம், வாங்கி வைக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். விமானமே ஓடவில்லை.

"இன்னும் வரல புள்ள" என்பார் தினமும் வீடியோவில். அந்த வாடிய முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடியில் கிடந்த அவர் சட்டையை மடித்து வைக்கவும் மனசு வரவில்லை.

ஊரடங்கில் மாரியம்மாள் கோயிலும் பூட்டிக் கிடந்தது. கம்பிக் கதவுக்கு முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் வைத்தேன். வெள்ளை வந்தால் பிழைப்பார் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் மகளை ஒன்று எடுக்கச் சொன்னேன். அந்த மகராசி இரண்டையும் அள்ளிக்கொண்டாள்! அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அதற்குள் அவர் போன் வந்தது. "அப்பா, ரெண்டும் ஒங்களுக்குத்தான்!" என்று காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனபின் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். "ஏன் புள்ள அழுகுற? ரெண்டையும் பத்திரமா வையி, வாரேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அம்மாளுக்குப் பரீட்சை வைக்க நான் யார்? அன்றோடு குறி கேட்பதை விட்டேன். "தாயே, அவுக மொகத்த நேர்ல பாக்கணும், அம்புட்டுத்தான்" என்று தினமும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மருந்து வந்தது. ஏதோ சரக்கு விமானத்தில் வந்ததாம். ஊசி போட்டபின், உடம்பில் கதிர்வீச்சு இருக்கும் என்று அவரைத் தனியாக உட்கார வைத்தார்களாம். கதவுக்கு வெளியிலாவது நிற்க மாட்டோமா என்று நான் இங்கே கிடந்து தவித்தேன். "வேற எங்கயும் பரவல புள்ள" என்று அவர் சொன்னதும், அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கட்டியை எடுத்தார்கள். கால் தப்பியது.

போன பங்குனியில் அவர் அக்கினிச்சட்டி எடுத்தார். கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார், ஆனாலும் யாரையும் பிடிக்க விடவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன்.

லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இன்றைக்கும் ஏங்குகிறேன். ஏக்கம் வேண்டாம் என்று அம்மாளிடம் நான் கேட்கவே இல்லையே. ஏங்குவதற்கு அவர் வேண்டும் என்றுதான் கேட்டேன். கொடுத்திருக்கிறாள். நீங்களும் கேளுங்கள்.