சலாமிஸில் நிற்கும் கப்பல்

புதுக்கடை ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். பக்கத்தில் மரச்சீனிக் கிழங்குப் பையோடு ஒரு பெண். கணவர் கப்பலில் வெல்டராம். கப்பல் இப்போது கிரேக்க நாட்டில், சலாமிஸ் தீவருகே ரிப்பேருக்காக நிற்கிறதாம். போனில் படம் காட்டுகிறார். இருபுறமும் மொட்டை மலை, நடுவே ஒடுங்கிய நீலக் கடல்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். "அங்க பெரிய சண்டை நடந்திருக்கும்மா. பாரசீக ராஜாவோட கப்பல்கள் அந்த ஒடுக்கத்துல திரும்ப முடியாம மாட்டிக்கிச்சு. கிரேக்கர்கள் ஜெயிச்சாங்க. நீச்சல் தெரியாத வீரர்கள் நிறையப் பேர் மூழ்கிட்டாங்க. ராஜா கரையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தான்."

"ராஜாவுக்கு என்ன ஆச்சு?"

"ஊருக்குப் போயிட்டான்."

"அப்பம் அவனுக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார்.

உடனே கணவரைக் கூப்பிடுகிறார். "நேத்து குளிச்ச எடத்துல இனி எறங்கண்டாம், கேட்டியளா? பழைய சண்டையில ஆளுவ நெறைய செத்த கடலாம்."

ஸ்பீக்கரில் சிரிப்பு. "ஏட்டி, அது நடந்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம் ஆச்சு."

"செத்தவியளுக்கு வருசம் தெரியுமா?"

சிரிப்பு நிற்கிறது. கப்பலில் ஏதோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது.

"சரி, எறங்கல்ல" என்கிறார் அவர்.