இல்லாத பிள்ளைகளின் வாத்தியாரம்மா

டில்லியில் பெரிய மூளைக்காரர்கள் சிலர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். இந்தத் தேசத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர எத்தனை காலம் பிடிக்கும்? நாற்பது வருஷம் என்று விடை வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளை தன் முறை வரும்வரை பொறுத்திருந்தால், நாற்பத்தாறு வயதில் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். யுத்தம் முடிகிற சமயம் அது. குண்டு போட நாற்பது நிமிஷம் யோசிக்காத சர்க்கார், சிலேட்டு வாங்கிக் கொடுக்க நாற்பது வருஷம் தவணை கேட்டது.

அந்தத் திட்டம் அச்சாகி, அட்டை போட்டு, சென்னைக்கு வந்து, மதுரையில் இளைப்பாறி, அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது, பரளச்சிக்குத் தெற்கே மேலப்பொட்டல் என்ற ஊரில் ஞானப்பூ வாத்தியாரம்மா திட்டம் எதுவும் இல்லாமலே பதினோரு வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஞானப்பூ பாலவனத்தத்துக்காரி. ஆள் குள்ளம், குரல் மட்டும் பனை உயரம். அவள் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தால் பந்தல்குடி ரோட்டில் போகிற லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, தானும் கூடச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்புவான் என்பார்கள். ரோடு அங்கிருந்து ஐந்து கல் தொலைவு. அதனால் பாதி நம்பினால் போதும்.

பள்ளிக்கூடம் என்பது பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி. அவள் வந்த புதிதில் அதில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று தாய்மார் கேட்டார்கள். "அதையும் தூக்கிட்டு வரட்டும்" என்றாள். விட்டத்தில் ஏழு தொட்டில் தொங்கின. ஏழுக்கும் ஒரே கயிறு, கயிற்றின் நுனி அவள் கால் கட்டைவிரலில். கை கரும்பலகையில் எழுதும், கால் தாலாட்டும். 'தொட்டில்களை அகற்றவும்' என்று பரிசோதகர் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அகற்றினாள். அடுத்த வருஷம் அவர் வருகிற அன்றைக்கு, மதியம் வரை அகற்றினாள்.

இப்படிச் சேர்த்த பிள்ளைகள் முப்பத்தெட்டு. ஊரில் படிக்கிற வயதில் இருந்ததோ மொத்தம் ஐம்பது. மீதிப் பன்னிரண்டும் ஆட்டுக்குப் பின்னால் திரிந்தன. பன்னிரண்டும் பெண்பிள்ளைகள். அந்தப் பன்னிரண்டுதான் அவளுடைய தீராத வயிற்றெரிச்சல்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் யாரும் தங்கள் பிள்ளைகளை எண்ணிச் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும். ஆறு பெற்றவளைக் கேட்டாலும் "என்னமோ, ரெண்டு கெடக்கு" என்பாள். யுத்த காலத்தில் ரேஷன் வந்தது. தலை எண்ண வந்த குமாஸ்தாவிடமும் வாய்ப் பழக்கத்தில் அப்படியே சொல்லிவைத்தார்கள். ஆறு பிள்ளை உள்ள வீட்டுக்கு ரெண்டு பிள்ளைக்கான சோளம் அளந்தார்கள். ஒரு வருஷம் ஊரே அரைப்பட்டினி. மறுவருஷம் குமாஸ்தா திரும்ப வந்தபோது ஊர்ப் பெரியவர் சங்கையா ஒரு வார்த்தை சொன்னார்: "கண்ணு பட்டா மொளகாய சுத்திப் போட்டுக்கலாம். வயிறு காஞ்சா எதச் சுத்திப் போட?"

அவ்வளவுதான். அன்றைக்கு மேலப்பொட்டலில் நடந்த பிரசவம் எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்காது. காலையில் பள்ளி வயதில் இருந்த ஐம்பது பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் நூற்றுத் தொண்ணூறு ஆனார்கள். குமாஸ்தாவும் வெயிலுக்குப் பயந்து சங்கையா வீட்டுத் தாழ்வாரத்தை விட்டு இறங்காமலே எழுதிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. ஊர் உயிரோடு கிடந்தது அந்த உபரிச் சோளத்தில்தான்.

நாற்பது வருஷத் திட்டக்காரர்களுக்கு இப்போது பிள்ளைகளின் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஊர் ஊராக நடந்து எண்ணினால் கால் வலிக்கும். ரேஷன் பட்டியல் பீரோவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் காப்பி பண்ணிக்கொண்டார்கள். எழுபது வீட்டு ஊரில் நூற்றுத் தொண்ணூறு பள்ளிப் பிள்ளைகளா என்று ஒருத்தராவது புருவத்தைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் வேலை கூடும் என்று விட்டுவிட்டார்கள்.

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் ஞானப்பூவுக்கு ஒரு காகிதம் வந்தது. 'தங்கள் கிராமத்தில் நூற்றுத் தொண்ணூறு குழந்தைகள் இருக்க, முப்பத்தெட்டே சேர்ந்திருப்பது தங்கள் அசிரத்தையைக் காட்டுகிறது. இரண்டு மாதத்தில் அனைவரும் சேர்க்கப்படாவிட்டால் பள்ளி மூடப்பட்டுப் பந்தல்குடிக்கு மாற்றப்படும்.'

பந்தல்குடிக்கு மாற்றினால் இந்த முப்பத்தெட்டில் ஒன்றுகூட அத்தனை தூரம் வெயிலில் நடக்காது. தொட்டில்கள் எப்படி நடக்கும்? காகிதத்தை மடித்துக்கொண்டு நேரே சங்கையாவிடம் போனாள். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நூத்துத் தொண்ணூறு பிள்ளைகளக் கேக்குறாக. நான் எங்க போக?"

"யாரு கேக்குறா?"

"டில்லியில கேக்குறாக."

"ஏன், அவுகளுக்குப் பெறக்கலையாமா?"

"வெளையாடாதிக. வரலைன்னா பள்ளிக்கூடத்தத் தூக்கிருவாகளாம்."

சங்கையா தட்டைக் கட்டைக் கீழே போட்டார். "உள்ளதச் சொல்லிட்டிகன்னா ரேஷன் கார்டு போயிரும் வாத்தியாரம்மா. மழை பேயுற வரைக்கும் இந்த ஊரு அந்த இல்லாத பிள்ளைக சோத்தத்தான் திங்கிது. அதுக வயித்துல அடிச்சிராதிக."

சொன்னால் ஊரின் சோறு போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போய்விடும். அதோடு ஞானப்பூ பொய் சொல்லாதவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வேதப் பாடத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். மூன்று நாள் வாய்ப்பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. லாரி டிரைவர்கள் கலங்கிப்போனார்களாம்.

நாலாம் நாள் காகிதத்தை மறுபடி எடுத்து வாசித்தாள். 'சேர்க்கப்படாவிட்டால்' என்றுதான் இருந்தது. படிக்க வேண்டும் என்றோ, வந்து உட்கார வேண்டும் என்றோ ஒரு வரி இல்லை. கூடவே வந்த பட்டியலில் நூற்றுத் தொண்ணூறு பேரும் வயதும் சர்க்கார் முத்திரையோடு இருந்தன. இவள் ஒரு பேரையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. சர்க்காரே பெற்று, சர்க்காரே பேர் வைத்து அனுப்பிய பிள்ளைகள். சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல இவள் யார்?

ஆனால் சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதல் வீடு பெத்தம்மாள் வீடு.

"பெத்தம்மாக்கா, ஒனக்கு எத்தன பிள்ளைக?"

"இருக்கிறதா, ரேஷன் வாங்குறதா?"

"ரெண்டையும் சொல்லு."

"இருக்கிறது மூணு. வாங்குறது ஏழு."

"இல்லாத நாலுல மூத்தது தவசின்னு போட்டிருக்கே. ஆம்பளையா, பொம்பளையா?"

பெத்தம்மாள் முகவாயில் விரலை வைத்து யோசித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏங்க, நம்ம தவசி பையனா, பொண்ணா?"

"பையனாத்தான் இருக்கணும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "பொண்ணுன்னா சீரு செய்யணும்ல?"

"சரி, சேத்துக்கிறேன்" என்றாள் ஞானப்பூ. "ஒரு பேச்சு. இல்லாத தவசி பள்ளிக்கூடம் வரணும்னா, இருக்கிற ஓம் மக நாளைக்கு வந்து ஒக்காரணும்."

"ஆத்தாடி! அவ வந்துட்டா ஆட்ட யாரு மேய்க்க?"

"இல்லாத நாலு பேரையும் அனுப்பு. ஆளுக்கு ஒரு பக்கம் மறிப்பாக."

பெத்தம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வாத்தியாரம்மா உள்ளதை எழுதிவிட்டால்? அவள் எழுதவே மாட்டாள் என்பது சங்கையாவுக்குத் தெரியும். அவர் ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை பெத்தம்மாள் மகள் எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு பெண்பிள்ளைகளும் கிட்டங்கிக்குள் இருந்தார்கள். டில்லிக்கு நாற்பது வருஷம் வேண்டியிருந்த வேலைக்கு மேலப்பொட்டலுக்கு ஆறு நாள் போதுமாக இருந்தது. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாத்தியாரம்மா வேதக்கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஒரே ஒரு வீட்டில்தான் அவள் பேரம் பேசவில்லை. முத்துத்தாய்க்குக் கார்டில் ஒரு பிள்ளை, செல்லக்கிளி. செல்லக்கிளி மெய்யாகவே இருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதியில் மூன்று நாளில் போய்விட்டாள். பேரை மட்டும் தாய் எடுக்கவில்லை.

"எனக்கு அந்தச் சோளம் தொண்டையில எறங்காது டீச்சர். கோழிக்குத்தான் போடுறேன்" என்றாள் முத்துத்தாய். "பேர அடிக்க மனசு வரல. நீங்க சேத்துக்கிட்டா தெனம் கூப்புடுவிகள்ல?"

"கூப்புடுவேன்."

வயதுக்கு ஏற்ப இரண்டாம் வகுப்பில் பேர் எழுதினாள். மறுநாளிலிருந்து முத்துத்தாய் காட்டுக்குப் போகும் வழியில் கூடையோடு ஜன்னலோரம் நிற்பாள். ஞானப்பூ அந்தப் பேரைக் கூப்பிடுவாள். ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு அடுத்த பேர்.

நூற்றுக்கு நூறு சேர்க்கை! மேலே இருந்தவர்கள் மயங்கி விழாத குறை. சோதித்துப் பார்க்காமலே சென்னைக்கு எழுதிப்போட்டார்கள். பங்குனியில் அந்த அதிசயத்தைப் பார்க்க மதுரையிலிருந்து திட்ட அதிகாரி ஒருவர் வந்தார். தமிழர்தான். தலையில் இருந்த தக்கைத் தொப்பியால் ஊர்க்காரர்கள் திட்டத்துரை என்று பேர் வைத்துவிட்டார்கள். பரளச்சி வரை கார், அப்புறம் மாட்டுவண்டி.

துரை உள்ளே பார்த்தார். ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. பதிவேட்டைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

"பேர்களைக் கூப்பிடுங்கள்" என்றார்.

கூப்பிட்டாள். ஒன்றையும் விடாமல் கூப்பிட்டாள். ஒரு "உள்ளேன்", மூன்று மௌனம். ஒரு "உள்ளேன்", நான்கு மௌனம். துரையின் காது சிவந்துகொண்டே போனது. வாசலில் நின்ற சங்கையா துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். பள்ளிக்கூடமும் ஊர்ச் சோறும் சேர்ந்து ஒரே மயிரிழையில் தொங்கின.

"செல்லக்கிளி."

"உள்ளேன்!"

ஜன்னலுக்கு வெளியே இருந்து வந்தது குரல். பதில் வராத பேரை அடித்துவிடுவார்களோ என்று முத்துத்தாய் பயந்துபோய்ச் சொல்லிவிட்டாள். துரை எட்டிப் பார்த்தார். நரைத்த தலையும் கூடையுமாக முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை. உள்ளே ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பதில் வராத பேர்களுக்குப் பிள்ளைகளே இல்லை என்று துரைக்குப் புரிந்துவிட்டது.

"மற்றவர்கள் எங்கேயம்மா?"

"அவுக எல்லாம் ஒங்க பட்டியல்ல இருந்து வந்தவுகய்யா" என்றாள் ஞானப்பூ. "நீங்கதான் அனுப்பிச்சிக. நான் சேத்துக்கிட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. துரைக்குத்தான் இப்போது பொய் தேவைப்பட்டது. பட்டியல் தப்பு என்றால் பட்டியல் எடுத்தவர் தப்பு, சென்னைக்கு எழுதியவர் தப்பு. இரண்டிலும் கீழே இருந்தது அவர் கையெழுத்து. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"பருத்தி எடுக்கப் போயிருப்பார்கள், இல்லையா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஞானப்பூ வாயைத் திறக்கவில்லை. சங்கையா திறந்தார். "நாலு பக்கமும் காடுதான் தொரை. வாங்க, போய் எண்ணிருவோம்."

எண்ணுவதற்காகக் காட்டில் இறங்கிய துரை பத்து அடி வைத்தார். பதினோராவது அடி கரிசல் வெடிப்புக்குள் போனது. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அது இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது, காது வைத்தால் கேட்கும் என்று தெற்கு மூலையில் உழுகிறவர்கள் சொல்லுகிறார்கள். ஒற்றைக்கால் பூட்ஸோடு திரும்பி வந்து எழுதினார்: 'அறுவடைக் காலத்தை முன்னிட்டு வருகை சற்றுக் குறைவு. மற்றபடி முன்மாதிரிப் பள்ளி.'

முன்மாதிரிப் பள்ளிக்கு நூற்றுத் தொண்ணூறு சிலேட்டு வந்தது. ஐம்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று, மீதி நாற்பதை உடையும் என்று வைத்துக்கொண்டாள். உதவிக்கு ஒரு வாத்தியார் வந்தார். அவர் செய்த முதல் வேலை தொட்டில் கயிற்றைத் தன் காலுக்கு மாற்றிக்கொண்டதுதான்.

பிறகு மழை பெய்தது. சுதந்திரமும் வந்தது. ரேஷனை எடுத்தார்கள். சோளம் போன பிறகு இல்லாத பிள்ளைகளை யார் வைத்துக் காப்பாற்றுவது? 'ஊரை விட்டுப் போனார்' என்று எழுதி ஞானப்பூ ஒவ்வொன்றாக அடித்தாள். உள்ளதுதானே, வந்த வழியே போனார்கள். நூற்று முப்பத்தொன்பது பேர் ஒரே நாளில் ஊரை விட்டுப் போனதற்கு மேலே இருந்து ஒரு கேள்வி வரவில்லை. செல்லக்கிளியை மட்டும் அவள் அடிக்கவில்லை. வருஷா வருஷம் வகுப்பு ஏற்றிவிட்டாள்.

நாற்பத்தொன்பதில் ஒரு காலை முத்துத்தாய் ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், எம் மக இப்ப எத்தனாவது?"

"அஞ்சு முடிச்சிட்டா."

"இங்க அஞ்சு வரைக்குந்தான?"

"ஆமாக்கா."

"அப்பச் சரி. படிச்சு முடிச்சிட்டா." முத்துத்தாய் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "இனி அடிச்சிருங்க."

ஞானப்பூ அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'படிப்பு முடிந்தது' என்று எழுதினாள். டில்லித் திட்டத்துக்கு இன்னும் முப்பத்தைந்து வருஷம் பாக்கி இருந்தது.