கூட்டம் போகாத பக்கம்

போன வருடம் இலையுதிர் காலத்தில், நானும் என் கணவரும் முதல் முறையாக அமெரிக்கா கிளம்பினோம். மகனும் மருமகளும் கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கிறார்கள். மருமகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து அபுதாபி, அங்கிருந்து நியூயார்க், அங்கே விமானம் மாறி சான் பிரான்சிஸ்கோ. இதுதான் எங்கள் பயணம்.

என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் டிக்கெட், பாஸ்போர்ட், பெட்டிச் சாவி எல்லாம் அவர் தோள்பையில்தான் இருக்கும். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். எதிராளி நிறுத்திப் பேசினாலும் புரிந்துகொள்வேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் ஒரு வார்த்தையும் வராது.

அபுதாபியில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்காவின் இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற்றுகிறார்கள். எங்கள் முறை வந்தது. அதிகாரி என்னிடம் விரல் ரேகை வாங்கி முத்திரை போட்டுவிட்டார். என் கணவரின் விவரத்தைப் பார்த்ததும் திரையையே உற்றுப் பார்த்தார். இன்னொருவர் வந்து அவரை மட்டும் ஒரு அறைக்கு மரியாதையாக அழைத்துப் போனார். என்னை உள்ளே போய் உட்காரச் சொன்னார்கள்.

அந்த அறைக் கதவு தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். விமானத்தில் ஆட்கள் ஏற ஆரம்பித்தும் அவர் வரவில்லை. வரிசை கரைந்து கடைசி சிலர் நிற்கும்போதுதான் ஒரு அதிகாரியோடு வெளியே வந்தார்.

“என்ற பேரு வேற யாரோட பேரோடயோ ஒத்துப்போகுதாமா. அதைச் சரிபார்த்துட்டுத்தான் விடுவாங்களாம். நீ இதுல போ, நான் நாளைக்கு வர்றேன்” என்றார்.

“நானும் நாளைக்கே வர்றேனுங்க.”

“அந்தப் புள்ளைக்கு எப்ப வலி வருமோ. ஒருத்தராச்சும் போய்ச் சேரோணுமல்ல? பையன் சொன்னாப்புல, நியூயார்க்ல எறங்குனதும் பொட்டியை எடுத்து, கஸ்டம்ஸ்ல காட்டி, மறுபடியும் போடோணும். ஒண்ணும் பயமில்ல. கூட்டம் போற பக்கமாவே போ.”

சொல்லிக்கொண்டே என் பாஸ்போர்ட்டையும் இரண்டு போர்டிங் பாஸ்களையும் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் விமானத்தின் பக்கம் நடந்தேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

அவ்வளவு நீளமான பயணத்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பணிப்பெண் வந்து கேட்டபோது, “ஹஸ்பெண்ட்” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் சொன்னதையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெட்டியை எடுக்க வேண்டும், காட்ட வேண்டும், மறுபடி போட வேண்டும்.

நியூயார்க்கில் இறங்கி வெளியே வந்தால், நேராகக் கடைவீதிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. காபிக் கடை, புத்தகக் கடை, தரையில் உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் போடும் பிள்ளைகள். ஒரு அதிகாரியைக் காணோம். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கூட்டம் போகிற பக்கம் போ என்றார் அவர். கூட்டம் நாலா பக்கமும் போய்க்கொண்டிருந்தது. என் போனிலோ சிக்னலே இல்லை.

அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அதே விமானத்தில் வந்தவர். என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, அதன் மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. நேராக என்னிடம் வந்து, “லக்கேஜ் எக்கடம்மா?” என்று பெட்டி எடுக்கும் இடத்தைத் தெலுங்கில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. நெல்லூர்ப் பக்கம் ஹைவேயில் கடை வைத்திருந்தாராம். தமிழ்நாட்டு லாரிக்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டதாம். டெக்சாஸில் இருக்கும் மகளிடம் போகிறார், டல்லாஸ் விமானம் பிடிக்க வேண்டும். அவர் மகளும் பெட்டியை எடுத்து மறுபடி போடச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள்.

பெட்டி எடுக்கும் இடத்துக்கு அம்புக்குறி போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னேன். இரண்டு பேரும் வேகவேகமாக நடந்தோம். கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்த அம்மா அதில் கால் வைக்கப் போகும்போது, மேலே சிவப்பு எழுத்தில் இருந்தது என் கண்ணில் பட்டது. சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருங்க. இதைத் தாண்டிப் போனா திரும்ப உள்ள வர முடியாதுன்னு போட்டிருக்குதுங்க.”

“அட்லாவா?” என்று நின்றார். “எனக்கு இங்கிலீஷ் சதவ ராதம்மா. மாட்லாட வரும். நீங்க படிச்சு சொல்லுங்க, நான் மாட்லாடுறேன்.” படிக்கத்தான் வராதாம், பேச வருமாம்.

சொன்னதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கமாக நடந்துபோன ஒரு சீருடைக்காரரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “சார், மீ டல்லாஸ். ஷீ சான் பிரான்சிஸ்கோ. பேக் வேர்? கஸ்டம் வேர்?” என்றார். இலக்கணத்தைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையே இல்லை. கடையில் லாரிக்காரரிடம் கேட்கிற அதே தோரணை.

அந்த மனிதர் எங்கள் போர்டிங் பாஸ்களை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த பெட்டிச் சீட்டைக் காட்டி மெதுவாகப் பேசினார். நான் கேட்டுப் புரிந்துகொண்டு அந்த அம்மாவுக்குச் சொன்னேன். எல்லாச் சோதனையும் அபுதாபியிலேயே முடிந்துவிட்டது. இங்கே நாம் உள்ளூர்ப் பயணிகள் மாதிரி. பெட்டிகள் தானாகவே கடைசி ஊருக்குப் போய்விடும். வெளியே போகாமல் அடுத்த விமானத்தின் கேட்டுக்குப் போனால் போதும். வெளியே போய்விட்டால், மறுபடியும் செக்யூரிட்டி வரிசையில் நின்று உள்ளே வருவதற்குள் என் விமானம் கிளம்பியிருக்கும்.

அந்த அம்மா சிரித்தார். “நம்ம பிள்ளைங்க வேற ரூட்ல வந்திருப்பாங்கம்மா” என்றார்.

அப்புறம் பெரிய திரை முன்னால் நின்று நான் படித்தேன். என் கேட் பக்கத்திலேயே இருந்தது. டல்லாஸ் கேட், அவர் சீட்டில் அச்சடித்திருந்தது இல்லை, மாறியிருந்தது. என் விமானம் முதலில் கிளம்புகிறது என்று தெரிந்ததும் என்னோடேயே வந்தார். வழியில் என் கணவர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், என் கேட்டை அடைந்ததும் நேராக அங்கே மேசையில் இருந்த பெண்ணிடம் போய்விட்டார்.

“மேடம், ஹெர் ஹஸ்பெண்ட் அபுதாபி ஸ்டாப். ஷீ நோ ஸ்லீப், நோ ஈட். சன் போன் ப்ளீஸ்.”

சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்தப் பெண் தன் சொந்த போனையே எடுத்துக் கொடுத்தாள். மகன் எடுத்ததும், “அம்மா, எங்கம்மா இருக்க? அப்பா பேசிட்டாரு. அவரை கிளியர் பண்ணிட்டாங்களாம். நாளைக்கு ஃப்ளைட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு” என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. அந்த அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், எத்தனையோ வருடம் பழகியவர் போல.

என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இனி தனியாக டல்லாஸ் கேட்டுக்குப் போக வேண்டும். எண் படிப்பார், எழுத்துத்தான் தெரியாது. கேட்டின் எழுத்தையும் எண்ணையும் அவர் சீட்டின் பின்னால் பெரிதாக எழுதி, “பலகையில இதே மாதிரி எழுத்து வர்ற வரைக்கும் நடங்க” என்றேன்.

“அதுக்கென்ன, கேட்டுக்கிட்டே போறேன்” என்று கிளம்பிவிட்டார். விமானத்துக்குள் உட்கார்ந்த பிறகுதான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று உறைத்தது. ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் சான் ரமோனில் மகன் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. நியூயார்க்கில் இறங்கி, விமான நிலைய வைஃபையில் என் கணவர். நான் சொன்னதை வைத்து மகன் எல்லாவற்றையும் அவருக்கு முன்பே விளக்கியிருந்தான். ஆனாலும் அவர் அவனிடம், “உங்கம்மாகிட்டக் குடு” என்றாராம்.

“இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலியே. எந்தப் பக்கம் போறது?”

“கூட்டத்தைப் பாக்காதீங்க. பெரிய திரை ஒண்ணு இருக்கும், அதுக்கு முன்னால போய் நில்லுங்க. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிராதீங்க” என்றேன். அவர் நடக்க நடக்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டில் உட்கார்ந்ததும், “சரி, வெச்சிரட்டுமா?” என்றார். குரல் பழையபடி ஆகியிருந்தது.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏதாவது கேட்டால் நானே பதில் சொன்னேன். மகன் ஆச்சரியமாகப் பார்த்தான். இன்றைக்கும் முன்பின் தெரியாத இடத்தில், தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரையாவது நிறுத்தி நான் பேச ஆரம்பிக்கும்போது, என் தொண்டையிலிருந்து வருவது பாதி அந்த நெல்லூர் அம்மாவின் குரல்தான் என்று எனக்குத் தோன்றும்.