கச்சான் தோட்டத்தைக் கடந்த பெயர்

இதில் ஆட்களின் பெயர் ஒன்றும் வராது. நாயின் பெயர் மட்டும் வரும். அதற்குத் தங்கச்சி அனுமதி தந்திருக்கிறாள்.

புதுக்குடியிருப்புச் சந்தையிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முதல் வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் கச்சான், நிலக்கடலை. காய் பிடிக்கிற காலத்தில் மயில்கள் வந்து கிண்டும்; நான் கத்திக்கொண்டு வரப்பில் ஓடுவேன். "அதுகளுக்கும் உங்களுக்கும் ஒரே வருத்தம், ஒரு இடத்தில நிக்க ஏலாது" என்பாள் என் மனுசி.

தங்கச்சி இருப்பது அயர்லாந்தில். படிக்கப் போனவள், வேலைக்கென்று நின்று, அந்த நாட்டுப் பெடியனையே கலியாணம் கட்டினாள். செம்பட்டைத் தாடி, ஆறடிக்கு மேல் உயரம், தமிழ் படிக்கிற ஆசை. எது கேட்டாலும் "ஓம் ஓம்" என்பான். விளங்கிய ஓம் எது, விளங்காத ஓம் எது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மாரி மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் அவளுடைய குரல் பதிவு ஒன்று ஃபோனில் வந்து விழுந்தது. வயிற்றில் ஏழு மாதம். பெட்டைப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணா, இவர் ஒரே அடம். பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர்தான் வேணுமாம். ஒரு புத்தகத்தை வாங்கி வைச்சு அகரவரிசையில வாசிக்கிறார். எனக்கு அது வேண்டாம். இவையின்ர பழைய பெயர், கெல்டிக் பெயர்தான் வைக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஆளுக்காள் மற்ற வளவு முருங்கையை அண்ணாந்து பார்ப்பதுபோல. "ஏன் பிள்ளை, எங்கட பெயருக்கு என்ன குறை?" என்று கேட்டு அனுப்பினேன்.

"குறை ஒண்டுமில்லை. ஆறு வருசமா என்ர பெயரை இஞ்ச ஒருத்தரும் முழுசாச் சொன்னதில்லை. டொக்டரிட்டப் போனா, கூப்பிடுறவா பேப்பரைப் பார்ப்பா, வாயைத் திறப்பா, பிறகு நிப்பாட்டிப்போட்டுச் சுத்திப் பார்ப்பா. அவா நிப்பாட்டினா அது என்னைத்தான். உடன எழும்பிடுவன். என்ர பிள்ளை அப்பிடி எழும்பக்கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல் துண்டு வந்தது. இது மெதுவான குரல்.

"ஆனா அண்ணா, ஊருக்கு வந்தா எங்கட சனம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமோ? வாய்க்கு வராட்டி விட்டிடும். 'வெள்ளைக்காரப் பிள்ளை' எண்டு சொல்லத் தொடங்கிடும். பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை விருந்தாளிதானே. எங்கட ஒழுங்கையில அவள் விருந்தாளியா இருக்கிறதை என்னால பார்க்க ஏலாது. நாலு பெயர் அனுப்புறன். எது எங்கட ஆக்களுக்குச் சரிவருமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தான் தாய்மாமன்."

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் பெயர் சொல்லுகிற உரிமை இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

நான்கு பெயரும் மாப்பிள்ளையின் குரலிலேயே வந்தன, ஒவ்வொன்றும் மூன்று தரம், பொருளைத் தங்கச்சி சொன்னாள். நீவ் என்றால் வெளிச்சம். மேவ், பழைய ராணி ஒருத்தி. ரோஷீன், சின்ன ரோசாப்பூ. ஓர்லா, பொன் இளவரசி.

"பொன்னரசிதானே" என்றாள் மனுசி. "முள்ளியவளைப் பக்கம் தட்டிவிட்டா நாலு பொன்னரசி விழும். இதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே?"

அன்றைக்கு முழுக்க நான்கு பெயரும் வாய்க்குள் உருண்டன. பல் தீட்டும்போது நீவ். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது மேவ். ஆனால் வாய்க்குள் உருட்டி என்ன பயன்? எங்கள் பக்கம் பெயர் என்பது வளவின் இந்த மூலையில் நின்று அந்த மூலைக்கு எறிகிற சாமான். சோற்றுக்கு, குளிப்புக்கு, கண்ட பாம்புக்கு. எறிந்தால் போய் விழவேண்டும். ஆகவே மனுசியைத் தோட்டத்தின் தெற்குத் தலைப்பில் நிறுத்தினேன். நான் வடக்குக் கிணற்றடியில்.

"கேட்டா கையைத் தூக்கு!"

"இந்த மனுசனோட..." என்று தொடங்கியவள் மிச்சத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள்.

நீவ் என்று கூப்பிட்டேன். கடைசியில் பல்லும் உதடும் கிட்டப்போய்ப் பெயர் பாதி வரப்பிலேயே படுத்துவிட்டது. மேவுக்கும் அதே கதி. ரோஷீன் கொஞ்சம் போனது. ஆனால் யாரோ சுகமில்லாமல் முனகுவதுபோல இருந்தது என்று மனுசி பிறகு சொன்னாள். ஓர்லா என்றேன். ஓவென்று கிளம்பி, ஆவென்று வாய் திறந்தபடியே, ஈரக் கச்சான் இலைகளுக்கு மேலால், மயில்களுக்கு மேலால் நீண்டு நீண்டு போனது. மனுசி இரண்டு கையையும் தூக்கினாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய்க்குட்டியும் ஓடி வந்தது.

அந்தக் குட்டிக்கு அப்போது பெயர் இல்லை. பெட்டைக்குட்டி என்று யாரோ சந்தைப் பக்கம் கொண்டுவந்து விட்டது, என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து வளவுக்குள் புகுந்துகொண்டது. மண் நிறம், ஒரு காது நின்றபடி, மறுகாது விழுந்தபடி. மனுசி மத்தியானத்தில் அதற்குச் சோறு வைப்பாள், தோட்டத்துத் தலைப்பில், ஒரு பழைய சட்டியில்.

பெயர் விசயத்தை ஒரே நாளில் முடிக்க என்னால் ஏலாது. காற்று மாறினால் எப்படி, மழைத் தூறலில் எப்படி என்று ஒரு கிழமை, ஏழு நாளும் கூப்பிட்டுப் பார்த்தேன். நேரம் கிடைத்தது மத்தியானங்களில். நான் வடக்கே நின்று ஓர்லா என்பேன். தெற்கே சட்டியில் சோறு விழும். இதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு தெளிவான காரியம் அப்போது கண்ணில் படவில்லையே என்று.

தையில் பிள்ளை பிறந்தது. நான் ஃபோனில் பெயரைச் சொன்னேன். தங்கச்சி அழுதாள், மாப்பிள்ளை "ஓம் ஓம்" என்றான், பதிந்துவிட்டார்கள். ஆவணியில் வருவார்கள், வந்து காது குத்துவது, அன்றைக்கே என் மடியில் வைத்துப் பெயரைக் காதில் சொல்லுவது என்று முடிவானது.

நான் சந்தோசத்தில் மிதந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய கோழியைக் காப்பாற்ற விளக்குமாறோடு ஓடிக்கொண்டிருந்தா.

"ஏய் ஓர்லா! விடடி! ஓர்லா, உனக்குத்தான் சொல்லுறன்!"

குட்டி கோழியை விட்டுவிட்டு, மரியாதையாக வந்து என் காலடியில் இருந்தது.

ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டியூசனுக்குப் போகிற பிள்ளைகள், மீன்காரர், பாண்காரர். ஒரு கிழமையாக நான் கத்தியதை எல்லோரும் கேட்டு, நாய்க்குப் பெயர் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரின் பெயரை நாய்க்கு வைத்தால் வேலி வெட்டுகிற அளவுக்குச் சண்டை வரும். நானோ சொந்த மருமகளின் பெயரை, அவள் பிறக்க முதலே, கொடுத்துவிட்டிருந்தேன்.

மனுசி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவளுக்குத் தெரிஞ்சா இந்தப் படலை திறக்கமாட்டாள்."

பெயர் மாற்றும் வேலை தொடங்கியது. ஜிம்மி என்று கூப்பிட்டோம். குட்டி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தது. மீன் தலையைக் காட்டி மணி என்றோம். மீன் தலையைத் தின்றது, மணியை விட்டுவிட்டது. ஒழுங்கைக்காரரிடம் வீடு வீடாய்ப் போய், "இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ" என்று கெஞ்சினேன். எல்லோரும் சம்மதித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கையடித்துச் சத்தியம் செய்தா, திரும்பி நடந்து பத்தடி போகமுதல், "ஓர்லா, செருப்பை வைச்சிட்டுப் போ!" என்றா.

ஆவணி வந்தது. நாய் பிள்ளையைவிட நாலைந்து மாதம்தான் மூப்பு.

வந்த அன்று தங்கச்சி வாகனத்தில் இருந்து இறங்கியதும் நான் பிள்ளையைத்தான் பார்த்தேன். செம்பட்டையும் கறுப்பும் கலந்த சுருட்டை முடி, எங்கள் அம்மாவின் மூக்கு. ஒழுங்கைச் சனம் படலையடியில் நின்று, தலையாட்டி, சிரித்து, "வெள்ளைச் செல்லம்" என்றது, "குஞ்சு" என்றது. ஒருவர்கூடப் பெயரைச் சொல்லவில்லை. நான் கெஞ்சியதற்கு அவ்வளவு கட்டுப்பாடு. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் ஏழு மாத வயிற்றோடு அனுப்பிய அந்த மெதுவான குரல் இருந்தது.

"நான் சொன்னன்தானே அண்ணா" என்றாள், குசினி வாசலில். "ஒருத்தருக்கும் வாயில வருகுதில்லை."

நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நழுவினேன்.

காது குத்துகிற காலை. நாயைப் பக்கத்து வீட்டுக் கோடிப்புறத்தில் கயிறு போட்டுக் கட்டி, முன்னால் எலும்புச் சட்டியும் வைத்தாயிற்று. காது குத்தப் பத்தர் வந்தார், மாமன் மடியில் பிள்ளை இருந்தது, காதருகே குனிந்து மூன்று தரம் பெயரைச் சொன்னேன். மூச்சுப் பட்டுக் கூசியதில் பிள்ளை சிரித்தது. ஊசி பட்டதும் தோட்டத்து மயிலெல்லாம் எழும்ப அழுதது. பின்னால் நின்ற மாப்பிள்ளையும் அழுதான்.

அழுகை ஓயவில்லை. தங்கச்சி பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை நீட்டினாள். "அக்கா, நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கோ. உங்களிட்டச் சிரிச்சவள்தானே."

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அக்காவுக்கு அழுகிற பிள்ளையைக் கண்டால் சத்தியம் எதுவும் நினைவில் நிற்காது.

"ஓர்லா! இஞ்ச பாரம்மா, ஓர்லாக் குஞ்செல்லோ!"

உடனே ஒழுங்கைப் பிள்ளைகளும் தொடங்கினார்கள். ஓர்லா, ஓர்லா. பாண்காரர்கூட வேலிக்கு மேலால் ஒன்று எறிந்தார். ஓவும் ஆவும் அந்தந்த இடத்தில், துளி தடுமாற்றமில்லாமல். மாப்பிள்ளை தாடியைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டான். தன் வீட்டு ஆட்கள் சொல்லுகிற மாதிரியே இருக்கிறதாம், எப்படி என்று.

பதில் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தது. கயிறு, கயிற்றோடு பிடுங்கிய கட்டை, கட்டையோடு இழுபட்ட எலும்புச் சட்டி, எல்லாவற்றோடும் நாய் பாய்ந்து வந்து, கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவரின் முன்னாலும் போய் வாலாட்டியது.

தங்கச்சி நாயைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கடைசியாக என்னை.

"அண்ணா. இதின்ர பெயர் என்ன?"

நான் சொன்னேன். கிணற்றடி, கை தூக்கியது, மத்தியானச் சோறு, ஜிம்மி, மணி, எல்லாம். "உன்ர பிள்ளையின்ர பெயரை நாய்க்கு வைக்கேல்லையடி. நாய் தானா எடுத்திட்டுது" என்று முடித்தேன்.

"வடிவாத்தான் சமாளிக்கிறார்" என்றாள் மனுசி, யாருக்கோ சொல்லுவதுபோல.

தங்கச்சியின் கன்னம் துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது, அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு வெடித்தது, சின்ன வயதில் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு. சிரிப்பைப் பார்த்துப் பிள்ளையின் அழுகை நின்றது. அது கையை நீட்டி நாயின் விழுந்த காதைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப எட்டு மாசமா எல்லாரும் இந்தப் பெயரைத்தான் கத்திக்கொண்டு இருக்கிறியளோ?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு அம்பது தரம், பிள்ளை. என்ர மனுசனைக்கூட நான் இவ்வளவு கூப்பிட்டிருக்கமாட்டன்."

"இன்னொருக்கா கூப்பிடுங்கோ அக்கா."

அக்கா கூப்பிட்டா. நாயும் பிள்ளையும் ஒன்றாகத் திரும்பின.

மூன்று கிழமை நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் தங்கச்சி போய்வந்தாள். எந்தப் படலையில் நின்றாலும் உள்ளேயிருந்து பெயர் வந்தது. போகிற அன்று வாகனம் வந்து நிற்கும்போது நான் நல்லபிள்ளையாக ஒரு வாக்குக் கொடுத்தேன்: அடுத்தமுறை வரமுதல் நாய்க்கு எப்படியும் வேறு பெயர் பழக்கிவிடுவேன்.

"தொடவேண்டாம்!" என்றாள். "நாங்கள் திரும்பி வர ரெண்டு வருசம் ஆகும். நாயின்ர பெயரை மாத்தினா அதுக்குள்ள நீங்கள் எல்லாரும் மறந்து போயிடுவியள். அக்கா, உங்களுக்கும்தான். நல்லாக் கத்துங்கோ."

மாப்பிள்ளை "ஓம் ஓம்" என்றான். இது விளங்கிய ஓம்.

இன்றைக்கு மத்தியானமும் மனுசி தோட்டத்துத் தலைப்பில் சட்டியோடு நின்று கூப்பிட்டாள். கச்சானுக்கு மேலால் அது என்னைக் கடந்து ஒழுங்கைக்குப் போனது. நாய் கோழியை விட்டுவிட்டு ஓடியது. பக்கத்து வளவிலிருந்து அக்கா, தேவையே இல்லாமல், தன் பங்குக்கும் ஒன்று கூப்பிட்டா.