ஈரத்தலையும் குளிர்காற்றும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் பின்னலைப் பார்த்துவிட்டார். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு நான் திரும்பியபோது பின்னலைக் கையில் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார்.

"சொந்த முடிதானே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இந்த மாதிரி முடி உள்ள பிள்ளைய நான் இப்பல்லாம் பார்க்கிறதே இல்லங்க" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் கழுத்தில் அந்த இழுப்பு கொஞ்ச நேரம் இருந்துகொண்டே இருந்தது.

அது புசல்லாவையில், எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் நடந்தது. அவர்கள் கட்டுகஸ்தோட்டைக்காரர்கள். மாப்பிள்ளைக்கு நகரசபையில் வேலை. அமைதியானவர். அன்று அவர் என்னிடம் பேசியது, "கண்டியில எந்தப் பக்கம் தங்கியிருக்கீங்க?" என்பது மட்டும்தான். தை மாதத்தில் கலியாணம் என்று பேசி முடித்தார்கள்.

நான் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க்காக இருந்தேன். கட்டுக்கலைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். தனியாக இருந்தார். ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஆடி மாதம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து, பிழைத்து வந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். "நல்ல காரியம் பேசின கையோட ஆஸ்பத்திரின்னு சொன்னா என்னத்தையாவது நினைப்பாங்க. அதான் நல்லாயிட்டியே." எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேலைக்குத் திரும்பினேன். உடம்பும் தேறியது.

ஐப்பசி மழை தொடங்கியபோது முடி உதிரத் தொடங்கியது.

முதலில் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. குனிந்து துளையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கை நிறைய முடி. எப்போதும் கொஞ்சம் உதிரும்தானே என்று சுருட்டி எறிந்தேன். அடுத்த நாள் தலையணையில். பிறகு அலுவலக மேசையில், கோப்புகளுக்கு நடுவில், மத்தியானச் சோற்றுப் பார்சலில். ரீச்சர் ஒரு காலை விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"பிள்ளை, உம்மட மயிர் வீடு முழுக்கக் கிடக்கு. என்ன செய்யுது உமக்கு?"

எங்கள் பக்கம் அந்தச் சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ரீச்சர் வாயில் அது கதிரை, அலுமாரி போல வெறும் சொல். இருந்தாலும் எனக்கு முகம் சுருங்கிப் போனது. "ஒண்ணுமில்ல ரீச்சர், மழைக்காலம்தானே" என்றேன்.

மழைக்காலம்தான் காரணம் என்று நானும் நம்பப் பார்த்தேன். கண்டியில் ஐப்பசியில் எதுவும் காய்வதில்லை. கொடியில் போட்ட துவாய் நாலு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். என் முடி இடுப்புக்குக் கீழே வரும். காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு கொண்டை போட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும், ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். அதனால்தான் அந்த வருஷ ஆரம்பத்தில் கண்டி டவுனில் ஒரு ஹேர் டிரையர் வாங்கியிருந்தேன். இப்போது சந்தேகம் அதன் மேல் விழுந்தது.

தொலைபேசியில் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அம்மா கத்தினார். "அந்த மிஷினத் தூக்கி வீசு! சூட்டுக் காத்து பட்டா வேரெல்லாம் வெந்து போகாதா? நாங்கல்லாம் மிஷின் வச்சா காய வச்சோம்? விரிச்சுப் போட்டுட்டு இரு, தானா காயும்."

அன்றிலிருந்து தானாகக் காயவிட்டேன். விடிவதற்கு முன்பே எழும்பிக் குளித்து, முடியைக் கதிரையின் முதுகுக்குப் பின்னால் விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டமாகப் பனி. தோள் நனைந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அரை ஈரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். தும்மலும் மூக்கடைப்பும் வந்தன. முடி உதிர்வது நிற்கவில்லை.

ரீச்சர் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சொன்னார். "ஈரத்தோடை கட்டாதையும். உள்ளுக்கை கிடந்து அவிஞ்சு போம். அதாலைதான் கொட்டுது."

"அம்மா மிஷின் வேணாங்கிறாங்க ரீச்சர். சூட்டுல கொட்டுதாம்."

"சூடு வேண்டாம் எண்டால் குளிர் காத்திலை காய வையும். உந்த மெஷினிலை அதுக்கும் ஒரு பொத்தான் இருக்கும். என்ர மகளும் வச்சிருந்தவள்."

போய்ப் பார்த்தேன். பிடியின் பக்கத்தில் பனித்துளிப் படம் போட்ட ஒரு சின்ன நீலப் பொத்தான். வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை. அழுத்திப் பிடித்தால் குளிர்ந்த காற்று வரும். விரலை எடுத்தால் மறுபடியும் சூடு. ஆகவே விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் முடிக்கு அது முடிகிற காரியமா? பெருவிரல் மரத்துப் போகும், கை மாற்றுவேன், அந்தக் கையும் மரத்துப் போகும். நுனி காய்ந்தாலும் அடி காயாது. ஆனாலும் தலை இலேசானது. வாடை போனது. நல்லது நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் காற்றே முடியைப் பிடுங்குகிறதோ என்று பயம் வந்தது. காற்றில் பறந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்ட முடிகளைப் பார்த்தேன். டிரையரை வைத்துவிட்டு மறுபடி கதிரையில் விரித்தேன். கதிரையின் பின்னால் தரையில் கிடந்ததைப் பார்த்ததும் மறுபடி டிரையரை எடுத்தேன். எதைச் செய்தாலும் அதுதான் தப்பு என்று தோன்றும். குளிப்பதையே தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டுக் குளித்த நாளில் இன்னும் கூடுதலாக வந்தது. பின்னல் என் சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்துவிட்டது. நடு வகிடு அகன்று தலைத்தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அலுவலகத்தில் யாராவது என் பின்னால் வந்து நின்றால் கதிரையைத் திருப்பிக்கொள்வேன். தை மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். முடியைப் பார்த்துப் பேசிய சம்பந்தம். முடி போய்விட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலை குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நீலப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். பாதிகூடக் காயவில்லை. டிரையர் திடீரென்று ஊமையாகிவிட்டது. அந்த நாட்களில் மின்வெட்டு இருந்தது. அன்றைய நேரத்தை நான் பேப்பரில் பார்க்க மறந்திருந்தேன். அதே சமயம் வாசலில் ரீச்சரின் குரல்.

"வாங்கோ, வாங்கோ. பிள்ளை உள்ளுக்கைதான் நிக்கிறா."

மாப்பிள்ளையின் அம்மா. கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க அளவுச் சட்டை வாங்க வந்திருந்தார். தொலைபேசியில் சொல்லாமல், டவுனுக்கு வந்த வழியில் அப்படியே வந்துவிட்டார். துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே போனேன்.

"தலை குளிச்சியாம்மா? ஐயோ, ஈரத்துவாயச் சுத்திக்கிட்டு நிக்காத, சளி பிடிக்கும். எடுத்துடு."

"பரவாயில்லைங்க அத்தை. கொஞ்ச நேரத்துல காஞ்சிரும்."

"எப்படிக் காயும்? கரண்டும் இல்ல, வெயிலும் இல்ல. இங்க வா, உக்காரு. நான் துவட்டி விடுறேன்."

நான் வேண்டாம் என்பதற்குள் என் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்து, துவாயை அவிழ்த்துவிட்டார். ஈரத்தில் முடி இன்னும் மெலிதாகத் தெரியும். ஓரிரு முறை துவட்டினார். பிறகு அவர் கை நின்றது. துவாயில் ஒட்டியிருந்த முடியை அவர் பிரித்துப் பார்ப்பதை, முன்னால் இருந்த கண்ணாடி அலுமாரியில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

துவாயை மடித்துக் கதிரையில் போட்டார். ரீச்சர் கொடுத்த பிளேன்டியைக் குடித்தார். அளவுச் சட்டையை வாங்கிக்கொண்டு, "வாறேம்மா" என்று போய்விட்டார்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தொலைபேசி அடித்தால் ஓடினேன், எடுக்கப் பயந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ரீச்சர் இரண்டு முறை, "சாப்பிடும் பிள்ளை" என்று தட்டை என் முன்னால் தள்ளினார். அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் இன்னொருவரின் பெயரை எழுதிக் கொடுத்து, முகாமையாளரிடம் ஏச்சு வாங்கினேன்.

வாரக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மாப்பிள்ளை அலுவலக வாசலில் வந்து நின்றார். குளத்தருகே நடந்தோம். நானே கேட்டேன்.

"அத்தை வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"இல்ல. அம்மாவுக்குப் பயம். பிள்ளைக்கு என்னமோ பெரிய நோய் வருத்தம் இருக்கு, மறைக்கிறாங்கன்னு சொல்றாங்க. எதுனால கொட்டுது?"

"தெரியலைங்க. மிஷின்ல காய வச்சதுனாலயா, ஈரத்தோட கட்டினதுனாலயான்னு எனக்கே விளங்கல." அங்கேயே அழுகை வந்துவிட்டது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை நீட்டினார்.

"இந்த வருஷம் உங்களுக்கு வேற ஏதாவது வந்துச்சா? காய்ச்சல் மாதிரி?"

அப்போதுதான் டெங்குவைப் பற்றிச் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். கோபம் என்று நினைத்தேன். கோபம்தான். "ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. வந்து பார்த்திருப்பேன்ல" என்றார். அப்புறம், "டாக்டரிட்ட போவோம். அம்மாவையும் கூட்டிட்டு வாறேன். அவங்க காதால கேட்டாத்தான் நம்புவாங்க" என்றார்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி என்று ரீச்சரிடம் சொல்லி அழுதேன். ரீச்சர், "போகாமல் விட்டால் இன்னும் பயப்பிடுவினம். நீரும் பயப்பிடுவீர். போட்டு வாரும்" என்றார். போனேன்.

தோல் வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் கொஞ்சம் பேசுவார். ஒரு பிடி முடியை விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல இழுத்தார். வந்ததை விளக்கின் கீழே பார்த்தார். வேறு வருத்தம் உண்டா, என்ன மருந்து குடிக்கிறேன் என்று விசாரித்தார்.

"காய்ச்சல் எப்ப வந்தது?"

"ஆடி மாசம், டாக்டர். ஜூலையில."

"அதுதான். பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசத்துக்குப் பிறகு இப்படிக் கொட்டும். பயப்பட வேண்டாம், திரும்ப வரும். கொஞ்சம் மெதுவா வரும்."

அதுவரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தார். "மிஷின்ல காய வைக்கலாமா டாக்டர்? இல்ல, சும்மா காய விடணுமா? அதுல கொட்டுறது இல்லையா?"

வைத்தியர் சிரித்தார். "இது அதுல வந்தது இல்ல. ரொம்பச் சூடு வேண்டாம், முடி முறியும். ஈரத்தோட இறுக்கிக் கட்டவும் வேண்டாம். குளிர் காத்து நல்லது, சும்மா காய விடுறதும் நல்லது. எது வசதியோ அது."

இத்தனை நாள் எழும்பி உட்கார்ந்து, விரல் மரக்க அழுத்திப் பிடித்ததெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிட்டது. எனக்குச் சிரிக்கவும் வரவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்து குறைவு என்று வந்தது, குளிசை குடித்தேன்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். "காய்ச்சலைச் சொல்லியிருந்தா நான் கஞ்சி வச்சு அனுப்பியிருப்பேனே. உங்கம்மாகிட்ட நான் கேட்கத்தான் போறேன்." கேட்டார். இரண்டு அம்மாக்களும் தொலைபேசியில் நன்றாகச் சண்டை பிடித்தார்கள். கலியாணம் நின்றுவிடும் என்று மறுபடியும் சில நாட்கள் எனக்குத் தூக்கமில்லை. நிற்கவில்லை. சண்டை பந்திக்கு எத்தனை கறி என்பதற்குத் தாவி, அதிலேயே தங்கிவிட்டது.

தை மாதம் கலியாணம் நடந்தது. சவுரி வைத்துத்தான் பின்னினார்கள். அதை என் மாமியார்தான் கண்டி டவுனில் கடை கடையாக ஏறி, என் முடியின் நிறத்துக்குப் பார்த்து வாங்கி வந்திருந்தார். மணவறையில் குனியும்போதெல்லாம் அது கழன்று விழுந்துவிடுமோ என்று நான் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். படங்களில் எல்லாம் எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் மாதிரி இருக்கிறேன்.

கலியாணத்துக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டை வீட்டில், மாசி வெயிலில், ஒரு நாள் தலையைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி ஓரத்தில் விரல் பட்டது. குட்டி முடிகள், புல் முளைத்த மாதிரி நிமிர்ந்து நின்றன. கண்ணாடியில் பார்த்தேன், நம்பமுடியவில்லை. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, நெற்றியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"வந்திருச்சு" என்றார். "சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காத. விடு, வளரட்டும்."