குளியலறைக் கதவில் ஒரு சிப்பாய்

வெயிலில் காய்ந்த தகரத்தின் மீது குளிர்ந்த நீர் பட்டதும் எழும் துரு வாடைதான் எனக்கு ஊர். கன்னடச் சீமைத் தங்கச் சுரங்கத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் 'லைனில்' பதினாறு வீடுகள். பதினைந்து வீட்டாருக்குக் குளிக்க மூங்கில் தட்டி மறைப்பு, எங்களுக்கு மட்டும் தகரக் கதவு. பஜாரில் மூடிப்போன சாராயக் கடையிலிருந்து அப்பா கேட்டு வாங்கிவந்து ஆணியடித்த பீர் விளம்பரப் பலகை அது. தலைப்பாகைச் சிப்பாய் ஒருவர் நுரை வழியும் குவளையை உயர்த்தி நிற்பார். காலடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏழு ஆணிகளில் ஒன்று அவருடைய வலது கண்ணில் இறங்கியிருந்தது.

"இன்னாடா போட்டுக்கீது அதுல?" என்று ஒருநாள் அப்பா கேட்டார். ஒவ்வொரு இந்தியனுக்கும் உரிய பீர் என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பலகை என்றால் என்னவென்று தெரியும். சுரங்கத்தில் ஆளிறக்கும் 'கேஜில்' எத்தனை பேர் ஏறலாம், எந்த ஆழத்து 'லெவலில்' பீடி பற்றவைக்கக் கூடாது, மேலே வந்ததும் சோதனைக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் பலகையில்தான் இருக்கும். மீறியவனுக்கு அன்றைய கூலி கிடையாது. "போர்டுல போட்டா போட்டதுதான்" என்பார்.

அந்த பீர் கிடைத்த ஒரே இடம் துரைமார் கட்டிய கிளப். துரைகள் போய், சுரங்கம் சர்க்காரின் கைக்கு வந்து, நம் அதிகாரிகள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், அப்பா வெள்ளைச் சட்டையோடு என்னையும் அழைத்துக்கொண்டு நேரே அங்கே போனார்.

வாசலில் காவலுக்கு நின்ற முனுசாமி எங்கள் லைன்காரர். "இன்னாண்ணே, பொண்ணு பாக்கப் போறியா?"

"பீர் குடிக்க வந்தேன். இந்தியன் எல்லாருக்கும்னு போர்டு போட்டுக்கீறான்."

"அது விக்கிறதுக்குப் போட்ட போர்டுண்ணே. இங்க போர்டு இது." கைக்கம்பால் வாசல் பலகையைத் தட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று அதையும் படித்தேன்.

"சரி, போட்டாச்சு" என்று திரும்பி நடந்தார். மறுநாள் ஏழு ஆணிகளையும் பிடுங்கி, சிப்பாய் உட்புறம் பார்க்கும்படி தகரத்தைத் திருப்பி அடித்தார். அதன்பின் அவர் குளிக்கும்போதெல்லாம் சிப்பாய்க்கு முதுகைக் காட்டியே குளித்தார். கடைசிவரை அந்த பீரை அவர் குடிக்கவில்லை.

சுரங்கம் மூடியாகிவிட்டது. பதினாறு வீடுகளில் ஐந்துக்குத்தான் இப்போது கூரை இருக்கிறது. கதவு பழைய இரும்புக்காரனோடு போயிற்று. போன மாதம், பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் அங்கே புதிதாகத் திறந்த பார் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனான். கண்ணாடிக்கு அப்பால் சுவரில் அதே சிப்பாய், அதே வரி. புதுத் தகரத்தில் துருவைச் சாயத்தால் தீட்டியிருந்தார்கள். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. "நம்ம ஹெரிடேஜ், தாத்தா" என்று பேரன் பெருமைப்பட்டான்.

கதவருகே நின்றவன் என் காலைப் பார்த்தான். எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டான். சொன்னேன். "ஓ, தமிழா" என்றபடி பக்கத்துப் பலகையை விரலால் தட்டினான். செருப்பு அணிந்தவர்களுக்கு அனுமதியில்லை, ஷூ கட்டாயம். இதை யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இரு தாத்தா, நான் பேசிக்கிறேன்."

"வேணாம்பா" என்றேன். "போட்டாச்சு."